வெள்ளைக்காரன் போன பிறகு திருநெல்வேலிச் சீமையில் என்ன மாறியது?

கேள்வி இது: “எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். தாத்தா கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ‘சுதந்திரம் வந்துதாம்ல நம்ம பொழப்பு போச்சு’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலேயே இருந்த ஆச்சியோ, ‘வெள்ளக்காரன் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு’ என்பாள். யார் சொல்வது சரி அண்ணாச்சி? 1947-க்குப் பிறகு நம் பக்கத்துச் சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையில் உண்மையில் என்ன மாறியது?”

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தார், ஒருவர் இந்தப் பக்கம் இருந்து பார்த்தார். ராஜ்யம் மாறியதை நம் ஜனங்கள் தாலுகா கச்சேரியில் உணரவில்லை. பிழைக்கப் போன இடங்களில்தான் உணர்ந்தார்கள் என்பது என் எண்ணம். நான் ரெவின்யூ இலாகாவில் குப்பை கொட்டியவன் என்பதால் கச்சேரியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே ஆச்சி கட்சிதான் ஜெயிக்கும்.

1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சர்வசித்து வருஷம், ஆடி மாதக் கடைசி. கச்சேரிக் கணக்கிலோ அது பசலி 1357. ஜூலை 1-ஆம் தேதியே பிறந்துவிட்ட வருஷம். பசலி என்பது முகலாயர் காலத்து வரிக் கணக்கு ஆண்டு. அதை ஆற்காட்டு நவாப் வைத்திருந்தார். 1801-இல் அவருடைய கர்நாடக ராஜ்யம் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனபோது கும்பினியும் அதையே வைத்துக்கொண்டது. 1858-இல் ராணியின் ஆட்சி வந்தது, பசலி இருந்தது. 1947-இலும் இருந்தது. இன்றைக்கும் வருஷா வருஷம் ஜமாபந்தி என்னும் கிராமக் கணக்குத் தணிக்கை பசலிக் கணக்கில்தான் நடக்கிறது.

பழைய அடங்கல் (சாகுபடிக் கணக்கு) புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். 1356-ஆம் பசலியையும் 1357-ஆம் பசலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒரு சாம்ராஜ்யம் விலகிப்போனதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது. சர்வே நம்பர், பரப்பு, தீர்வை, நஞ்சையில் என்ன போகம், புஞ்சையில் கம்பா சோளமா, எத்தனை பனை நிற்கிறது. அதே கட்டங்கள், அதே கர்ணத்தின் கையெழுத்து, அதே கறுப்பு மை. ஊர்க்காரனுக்கு அரசாங்கம் என்றால் கணக்கு எழுதும் கர்ணம், வரி வாங்கும் கிராம முன்சீப், காவல் பார்க்கும் தலையாரி. இந்த மூன்று பேரும் பரம்பரையாக வந்தவர்கள். கொடி மாறியதும் இவர்கள் மாறவில்லை, இவர்கள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்துவிட்டுப் பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக அதிகாரியைக் கொண்டுவந்த பிறகுதான் கிராமத்தில் அரசாங்கத்தின் முகம் மாறியது. ஆச்சி போன்றவர்களுக்கு ‘ராஜ்யம் மாறிய வருஷம்’ எது என்று என்னைக் கேட்டால், கச்சேரி விஷயத்தில் 1980 என்றுதான் சொல்வேன்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். அரைக்கால் சட்டைப் போலீஸ் அப்படியே. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 வரை ஓடியது. விக்கிரமசிங்கபுரத்திலும் தூத்துக்குடியிலும் ஹார்வி மில் சங்கு அதே நேரத்துக்கு ஊதியது. மில்லில் வெள்ளைக்கார நிர்வாகம் மேலும் பல வருஷம் இருந்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, நம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் அதில் சேர்ந்தன. ஆனால் திருநெல்வேலிப் பேராயராகச் சில வருஷங்கள் ஓர் ஆங்கிலேயரே நீடித்தார். சட்டைப் பையில் கிடந்த ரூபாயிலும் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. 1947-ஆம் வருஷம் போட்ட நிக்கல் ரூபாய் அது. ராஜா போன பிறகும் ராஜா தலை செல்லுபடியானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனங்களின் உடம்பில் தைத்த சில மாற்றங்கள் ஆகஸ்ட் 15-க்கு முன்னாலேயே வந்துவிட்டன. 1946-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது, டில்லியில் இடைக்கால அரசு வந்தது. உப்பு வரி 1947 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு ஒழிந்தது. தூத்துக்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம்வரை உப்பளம் உள்ள கரை இது. 1942-இல் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டு, காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை குறைக்கப்பட்டு 1946-இல் வெளியே வந்தார்கள். அந்த உப்பின் மேலிருந்த வரி, கொடி இறங்குவதற்கு நாலரை மாதம் முன்னால் சத்தமில்லாமல் போயிற்று.

குற்றப் பரம்பரைச் சட்டமும் அப்படித்தான். நம் மாவட்டத்தில் மறவர் சமூகத்து ஆண்கள் பலர் அந்தச் சட்டத்தில் பதிவாகியிருந்தார்கள். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பத்து விரல் ரேகையும் ஸ்டேஷனில் இருக்கும். ராத்திரி ஸ்டேஷனுக்கோ முன்சீப் வீட்டுக்கோ போய்த் தலையைக் காட்ட வேண்டும். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் சீட்டு வாங்க வேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் ஆஜர் பட்டியலில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கேஸ். சென்னை மாகாணம் இதை 1947 ஜூனில் ரத்து செய்தது. அந்த வீடுகளில் போய்ச் சுதந்திரம் எப்போது வந்தது என்று கேட்டால் ஆகஸ்ட் என்று சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. ஆலயப் பிரவேசச் சட்டமும் அதே வருஷத்தில் வந்ததுதான். அதற்கு முன் 1939-லேயே மதுரை மீனாட்சி கோயிலில் தொடங்கி வைத்திருந்தார்கள். கோயில் வாசல் சட்டத்தால் திறந்தது. டீக்கடையில் தனி கிளாஸ் அதன் பிறகும் எத்தனை காலம் தொங்கியது என்பதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் ஊர்ப் பனைக்கு வருவோம். ஆச்சியின் கட்சி இங்கே கொஞ்சம் ஆட்டம் காணும்.

மதுவிலக்கு 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கி, யுத்த காலத்தில் நின்று, மறுபடி 1946-இலிருந்து மாவட்டம் மாவட்டமாக விரிந்து, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுக்க வந்தது. கள் இறக்கினால் குற்றம், பதனீர் இறக்கலாம். படிக்கச் சுலபமாக இருக்கிறது. மரத்தின் மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பனையேறி விடியுமுன்னே ஏறிப் பாளையைச் சீவி, கலயத்தில் இறங்கியதை எடுத்துக்கொண்டு வருகிறான். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவுகிறான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பு குறைந்தால் பொங்கிப் புளித்துவிடும். கூடினால் காய்ச்சும்போது கருப்பட்டி கெடும். இந்த அளவு ஏட்டில் எழுதியது அல்ல, கைப்பழக்கம். புதுச் சட்டம் வந்ததும் அந்தக் கைப்பழக்கத்துக்கு லைசென்ஸ் வந்தது, சோதனை வந்தது. மழை பெய்து சுண்ணாம்பு கரைந்து ஒரு கலயம் புளித்துப் போயிருந்தால் மரத்தடியில் நிற்கும் அதிகாரி முன்னால் என்ன சொல்லித் தப்பிப்பது?

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பெரும்பாலும் கருப்பட்டித் தொழில்தான். கள் இரண்டாம் பட்சம். ஆகவே இங்கே மதுவிலக்கு பிழைப்பை அடியோடு பிடுங்கிவிடவில்லை. கள்ளை நம்பியிருந்த இடங்களில்தான் பெரிய அடி. மாற்று ஏற்பாடாக அரசாங்கம் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்தது. ஆனாலும் விடிலி என்ற ஓலைக் குடிசையில் பெண்கள் புகையில் உட்கார்ந்து பதனீர் காய்ச்சிப் பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற வேலையில் ஒரு நெளிவும் ஏற்படவில்லை. விறகும் அதேதான், கண் எரிச்சலும் அதேதான். ஆச்சி ‘ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு’ என்றது இதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் விடிலிக்குள் இருந்தார்கள். லைசென்ஸ் தொல்லை பனை விளைக்குப் போன ஆம்பளைகள் பாடு.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கள்ளுக்கடைக் குத்தகையில் வந்த பணம் வெள்ளைக்கார ஆட்சியில் மாகாணத்துக்குப் பெரிய வருமானம். அது போய்விடும் என்று தெரிந்துதான் ராஜாஜி 1939-லேயே விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடிகாரனிடம் வாங்கிய பணத்தை ஜவுளிக்கடைக்கு வந்தவனிடம் வாங்கும் ஏற்பாடு. மதுவிலக்கு பின்னால் எடுபட்டது, மறுபடி வந்தது, மறுபடி எடுபட்டது. விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் திரும்பிப் போகவில்லை!

அரிசி விஷயத்தை அதிகம் நீட்ட வேண்டாம். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. அடுத்த வருஷம் ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், விலை ஏறவே மறுபடி போட்டார்கள். 1952 ஜூனில் ராஜாஜிதான் துணிந்து எடுத்தார். அதுவரை தாமிரபரணிக் கரையில் முக்காரு விளைந்தாலும் நெல்லுக்குச் சொந்தக்காரன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வண்டியில் ஏற்றி மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே அரிசிப் பஞ்சம், ஆகவே விலை அதிகம். தலைச்சுமையாக அரிசி அந்தப் பக்கம் போனதைப் பற்றி ஏர்வாடி, களக்காடு, பணகுடிப் பக்கம் வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவுன்ஸ் கணக்கில் அரிசி வாங்கித் தின்ற தலைமுறைக்குச் சுதந்திரத்தின் முதல் ஐந்து வருஷ ஞாபகம் ரேஷன் கார்டுதான்.

ஜமீன் கிராமங்களின் கதை வேறு. ஆற்றுப் பாசன நிலம் முக்கால்வாசி ரயத்துவாரி. பட்டாதாரர் நேராக சர்க்காருக்குத் தீர்வை கட்டியவர், அவருக்கு 1947-இல் ஒன்றும் ஆகவில்லை. எட்டயபுரம், சிவகிரி, ஊத்துமலை, சிங்கம்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று மேற்கிலும் வடக்கிலும் கிடந்த ஜமீன்களில் இருந்த குடியானவனுக்குத்தான் ராஜா மாறினார். 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஒவ்வொரு ஜமீனாக சர்க்கார் எடுத்து, சர்வே செய்து, பட்டா கொடுத்து முடிக்கப் பல வருஷம் பிடித்தது. ஜமீன் கச்சேரியில் கட்டிய கிஸ்தியை இனி முன்சீப்பிடம் கட்ட வேண்டும். தேர் இழுக்கவும் அரண்மனை விசேஷத்துக்கும் கூப்பிட்டால் போக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. நல்லதுதான். ஆனால் ஜமீன் காட்டில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த பழைய வழக்கம், அது வன இலாகா கைக்குப் போனதும் இறுகிவிட்டது. ஜமீன்தாரிடம் கெஞ்சலாம், ஃபாரஸ்ட் கார்டிடம் கெஞ்சினால் ரசீதுதான் வரும் என்று மலையடிவாரத்தில் சொல்வார்கள்.

சிங்கம்பட்டியில் ஒரு விசித்திரம். 1929-இல் ஜமீன்தார் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் மலைக்காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார். அதுதான் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1952-இல் காடு சர்க்காருக்கு வந்தது, ஜமீன் போயிற்று. குத்தகை மட்டும் போகவில்லை. குத்தகை எழுதிக் கொடுத்த ஜமீன் இல்லை, எழுதியபோது இருந்த சாம்ராஜ்யம் இல்லை. காகிதம் 2028 வரை செல்லும். தேயிலை பறித்தவர்களை 2024-இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி மலையிலிருந்து இறக்கியதும் அந்தத் தேதியைக் கணக்குப் பார்த்துத்தான்.

செங்கோட்டையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் குறையாகிவிடும். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் 1947-இல் அது வெள்ளைக்காரச் சீமை இல்லை, திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்யம். ஊர் நுழைவாயில் வளைவில் இன்றும் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையைப் பார்க்கலாம். அங்கே பணம் வேறு: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் எத்தனை வியாபாரி பிழைத்திருப்பான்! தபாலுக்கு அஞ்சல் என்று தனி இலாகா. அது 1951-இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. கோயில் மட்டும் அங்கே 1936 நவம்பரிலேயே எல்லோருக்கும் திறந்தாயிற்று. தென்காசிக்காரன் பிரிட்டிஷ் பிரஜை, செங்கோட்டைக்காரன் மகாராஜா பிரஜை. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தது ரெண்டு பேரும்தான். ஆஷ் துரையை 1911-இல் மணியாச்சியில் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்பதை நினைத்துப் பார்த்தால், தன்னை நேராக ஆளாத கலெக்டரைத்தான் அவர் தேடிப் போயிருக்கிறார்.

1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அது நிலைத்திருந்தால் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் பாஸ்போர்ட் ஆபீஸ் வந்திருக்கும். ஜூலையில் அவரை வெட்டிக் காயப்படுத்தினார்கள், மாதக் கடைசியில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். பிறகு 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யம், 1956 நவம்பர் 1-இல் தாலுகாவின் கிழக்குப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவோடு. ஆரியங்காவு, தென்மலைக் காடெல்லாம் கேரளாவோடு நின்றுவிட்டது. ஆக ஒன்பது வருஷத்துக்குள் செங்கோட்டைக்காரனுக்கு மேலிடம் மூன்று தடவை மாறியது. பழைய நில ஆவணங்கள் மலையாளத்தில். வரி வாங்கியது முன்சீப் இல்லை, பார்வத்தியகாரர். அந்த ஊர் ஃபைல் மேஜைக்கு வந்தால் மலையாளம் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி ஓட வேண்டியிருக்கும். திருநெல்வேலிச் சீமையில் ராஜ்யம் மாறியதைக் கச்சேரியிலேயே உணர்ந்த ஒரே கூட்டம் செங்கோட்டைக்காரர்கள்தான் என்பேன்.

வோட்டு ஒரு பெரிய மாற்றம், அதில் சந்தேகமில்லை. 1946 வரை வோட்டுரிமை சொத்து, வரி, படிப்பு உள்ளவனுக்கு. 1952-இல் இருபத்தொரு வயதான எல்லோருக்கும். அப்போது சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். உள்ளே போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். எழுத்து வாசனையே இல்லாத ஆச்சிக்கும், ஊர்ப் பெரிய வீட்டு எஜமானுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிய பள்ளிக்கூட மதிய உணவையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறவன் நான். வோட்டு வந்த பிறகு வந்த சோறு அது. இது தனியாகவே எழுத வேண்டிய விஷயம், இங்கே நிறுத்துகிறேன்.

இப்போது தாத்தா கதை. கொழும்பு.

நம் சீமைக்குக் கொழும்பு வெளிநாடாகவே தோன்றியதில்லை. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது முதல் 1914-இல் தனுஷ்கோடிப் பாதை திறக்கும்வரை, இந்தியாவிலிருந்து கொழும்புக்கு முக்கியமான வழி தூத்துக்குடிக் கப்பல்தான். அதன் பிறகும் தோணிகள் ஓடின. வெங்காயம், மிளகாய், கருவாடு, ஓடு என்று ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போகும். காயல்பட்டினத்துக்காரர்கள் ரத்தினக்கல் வியாபாரத்துக்கும், உங்கள் பக்கத்து நாடார்கள் பலசரக்குக்கும், மற்றவர்கள் துறைமுகக் கூலிக்கும் போனார்கள். மீசை முளைக்காத பையனைத் தூரத்து மாமா கடையில் கொண்டுபோய் விடுவார்கள். கடைப்பையனாகச் சேர்ந்து, கணக்குப்பிள்ளையாகி, புறக்கோட்டையிலோ உள்நாட்டிலோ சொந்தமாக ஒரு கடை போட்டு, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வந்து, கல்யாணம் கட்டி, பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத் திரும்பப் போவது என்பது பழகிய வாழ்க்கை. பாஸ்போர்ட் கிடையாது. மண்டபம் முகாமில் ஊசி போட்டு விட்டால் சரி. அங்கத்து ரூபாயும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. ஒரே ராஜா தலையின் கீழ் இரண்டு கரையும் ஒரே சந்தை.

அந்தச் சந்தை 1939-லேயே விரிசல் கண்டது. இலங்கை அரசு தன் இலாகாக்களில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கியது. பதிலுக்கு இந்திய அரசு ஆகஸ்ட் 1 முதல் கூலியாட்கள் அங்கே போவதைத் தடை செய்தது. ஆனால் கதவு நிஜமாகச் சாத்தியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948 பிப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம். அதன்படி நம்மவர்கள் அந்நியர்கள். 1949 நவம்பரிலிருந்து போகவர பாஸ்போர்ட், அனுமதி. குடியுரிமை இல்லாத வியாபாரி தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கடையில் உட்கார முடியும். அதைப் புதுப்பிப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். ஊருக்குப் பணம் அனுப்பவும் கட்டுப்பாடு.

1949-இல் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று போட்டு ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். 1946-க்கு முன்னால் கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இலங்கையில் வசித்திருந்தால், 1951 ஆகஸ்டுக்குள் மனுப் போடலாம். தாத்தா மாதிரி ஆட்களுக்கு முள் எங்கே இருந்தது தெரியுமா? கல்யாணமானவர் என்றால் அவர் மட்டும் வசித்தால் போதாது. பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே வசித்திருக்க வேண்டும். உடன்குடி வியாபாரி குடும்பத்தை ஊரில் அல்லவா வைத்திருந்தார்! தோட்டத் தொழிலாளி குடும்பத்தோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவன். அவனுக்கே காகிதம் இல்லை என்று சொல்லிப் பெரும்பாலான மனுக்களைத் தள்ளினார்கள். வியாபாரிக்குக் கேட்கவே வேண்டாம். அதாவது தம்பி, எதுவும் மாறாத ஊரில் ஆச்சி இருந்தார்கள் என்பதே, தாத்தா கொழும்பில் அந்நியராக ஆனதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இரண்டு பேர் சொன்னதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை, மீதி 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ளலாம். அதே வருஷம் டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி போயிற்று, ரயிலும் போயிற்று. அதே 1964-இல் பர்மாவில் கடைகளை நாட்டுடைமையாக்கி, நோட்டையும் செல்லாததாக்கி, அங்கிருந்தவர்களையும் கையை வீசிக்கொண்டு வர வைத்தார்கள். 1966 ஜூனில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்தபோது, ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய கணக்கும் முடிந்தது. மிஞ்சியது இலங்கை வானொலி. திருநெல்வேலியில் நம் வானொலி நிலையம் வந்ததே 1963-இல்தான். அதற்கு முன்னும் பின்னும் கடற்கரை ஊர்களில் சினிமாப் பாட்டுக்குக் கொழும்பு ஸ்டேஷன்தான். ஆள் போக முடியாத ஊரிலிருந்து பாட்டு மட்டும் தாராளமாக வந்தது.

கொழும்பு போய்வந்தவர்களுக்கு ஒரே ஒரு இடத்தில் சௌகரியம் வாய்த்தது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது ஊர் குழம்பிப்போனது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா; கால் பைசா கிடையாது, ஆகவே 6. இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணா ஓரணாவாக நாலு தரம் மாற்றியவனுக்கு ஒரு பைசா நஷ்டம். கடையில் சண்டை, பஸ்ஸில் சண்டை. இலங்கையிலோ 1870-களிலிருந்தே ரூபாய்க்கு நூறு சதம். கொழும்புக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் போடுவார்.

உங்கள் குடும்பக் கதையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1949-க்கு முந்தைய பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேடாதீர்கள், இருக்காது. 1949 முதல் 1951 வரை தேதி போட்ட குடியுரிமை மனுவின் நகலோ, மறுத்து வந்த கடிதமோ, வசிப்பு அனுமதிச் சீட்டோ கிடைத்தால் விஷயம் தெளிவாகிவிடும். எதுவும் கிடைக்கவில்லையென்றால் உங்கள் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய், தாத்தா பேரில் உள்ள விளைகளுக்குப் பழைய வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கொழும்புப் பணம் நம் பக்கத்தில் பெரும்பாலும் நிலமாகத்தான் வந்து இறங்கியது. எந்த வருஷம் வாங்கினார், எந்த வருஷத்தோடு வாங்குவது நின்றது, எப்போது விற்கத் தொடங்கினார் என்று வரிசையாக வந்துவிடும். கிரயப் பத்திர நகல் எடுத்தால் அவருக்காக ஊரில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் தெரியும். பழைய புத்தகங்கள் கம்ப்யூட்டரில் ஏறாத ஊர்களில் கையால் தேட வேண்டியிருக்கும். மனுவில் சர்வே நம்பரையும் கிராமத்தின் பழைய பேரையும் சரியாக எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.